அடிப்பக்கத்துக் கோடு

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. சயானில் பஸ் ஏறும்போதே முழங்கால் வரை தண்ணீர், செருப்பு கையில். ஜன்னல் மூடவில்லை. செம்பூரில் இறங்கும்போது இடது தோள் மட்டும் சொட்டச் சொட்ட.

லேப்பில் புது வேலை. பன்னிரண்டு துண்டு, அலுமினியம். நாய் பிஸ்கட் வடிவம்: இரண்டு முனையும் அகலம், நடு ஒடுக்கம். ஒடுக்கத்தின் குறுக்கே ஒட்டு. மின்சார பஸ்ஸுக்கு அடியில் பேட்டரி வைக்கிற பெட்டியை இப்படி ஒட்டிய தகட்டில்தான் செய்யப் போகிறார்களாம். நான் வந்த பஸ்ஸும் மின்சார பஸ்தான். சயான் முதல் செம்பூர் வரை எத்தனை பள்ளம்! அடியில் இருப்பது என்ன பாடு படும் என்று இன்றைக்குத்தான் யோசனை.

இந்த ஒட்டில் தீயும் இல்லை, கம்பியும் இல்லை. இரண்டு தகட்டை நெருக்கி வைத்து, சந்தில் ஒரு இரும்பு முள்ளைச் சுழற்றிக்கொண்டே இறக்கி, அப்படியே நகர்த்திப் போவார்கள். சூட்டில் அலுமினியம் உருகாது. இளகும். முள் அதை மாவு மாதிரி பிசைந்து ஒன்றாக்கிவிடும். ஸ்டிர் வெல்டிங் என்று பெயர். மெஷினை ஓட்டுகிற கிரிஜா மேடம் போனில் படம் காட்டினார். மேல்பக்கம் வளையல் வளையலாக வரி. அழகு.

என் வேலை எமரி பேப்பரால் தேய்ப்பது. 400, 600, 800, 1200; எண் ஏற ஏற பேப்பர் நைசு. நீளவாக்கில் மட்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் விரிசல் அங்கிருந்து கிளம்பிவிடும். தேய்த்த துண்டை மெஷின் பிடித்துக்கொண்டு விநாடிக்கு இருபது தடவை இழுத்து விடும். இருபது லட்சம் தடவை தாங்கினால் தேறியது. இல்லையென்றால் டக்.

வாங்க வேண்டியவை: ரப்பர் பேண்ட். அம்மாவுக்கு இருமல் மருந்து. ஊக்கு.

ஜூலை 31-உடன் மூன்று மாதம் முடிகிறது. லேப் வேணு சாருடையது. சேரும்போதே, மூணு மாசம் பாப்போம், அப்புறம் சொல்றேன் என்றார். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நான் போட்டிருக்கிற நீலக் கோட்டில் இன்னும் சுரேஷ் என்று தைத்திருக்கிறது. முன்னால் இருந்தவர்.

இங்கேயே இருக்க வேண்டும். ஜன்னல் ஓரம் எனக்கென்று ஒரு மேஜை. யாரும் கத்துவதில்லை. கேள்வி கேட்பதில்லை. லாக்டவுனில் பள்ளிக்கூடம் போனில் நடந்தது, போன் அப்பாவிடம் இருந்தது. திறந்த பிறகு வகுப்பில் போய் உட்காரக் கூச்சம். எட்டாவதோடு நின்றேன். அதன் பிறகு இங்கே வந்துதான் ஒரு மேஜை கிடைத்தது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதினேன், போதும்.

ஜூலை 9, புதன்

மழை கம்மி. ஒரே தகட்டிலிருந்து வெட்டிய வரிசைப்படி துண்டுகளில் 1 முதல் 12 வரை எண் போட்டே அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியில் கைக்கு வந்தபடி எடுத்தேன். இன்று தேய்த்த வரிசை: 6, 11, 2, 5.

11-ல் தகராறு. அடிப்பக்கம் ஒட்டின் நடுவில் ஒரு கோடு. தலைமுடி அளவு, குறுக்கே. நான் போட்ட கீறல் என்றே நினைத்தேன். 600-ல் போகவில்லை. 800-ல் போகவில்லை. கி.மே. (கிரிஜா மேடம், தினம் முழுப் பெயர் எழுத முடியாது) மூன்றடி தூரத்தில்தான் இருந்தார். கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன செய்தாய் என்பார்.

பையில் அப்பா வேலை பார்க்கிற கார்கானாவின் (பட்டறை) பாலிஷ் சோப்பு ஒரு கட்டி கிடந்தது. துணியில் தடவி, அங்கே பெல்ட் பக்கிளுக்குச் செய்கிற மாதிரியே அழுத்தித் தேய்த்தேன். இருபது நிமிடம். கோடு போயே போய்விட்டது.

கார்கானாவில் முதலாளி சேட் பக்கிளைக் கை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். அந்தத் தூரத்துக்குக் கீறல் தெரியவில்லை என்றால் பாஸ். இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன்.

கி.மே. 11-ஐத் தூக்கிப் பார்த்து, கண்ணாடியாட்டம் பண்ணிட்டியே என்றார். சந்தோஷம். ஆனால் அவர் மெஷினைப் பார்ப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கழுத்தை நீட்டி, அசையாமல், ஒற்றைக் காலில் சாய்ந்து. மூக்குக் கண்ணாடி போட்ட கொக்கு.

2, 5, 6 சுத்தம்.

ஜூலை 10, வியாழன்

இன்று: 10, 8, 3, 12.

10-லும் 12-லும் அதே கோடு, அதே இடம். 8, 3 சுத்தம். என் கைக்கு என்ன ஆகிறது? நகம் வெட்டினேன். கண்ணாடி வளையலைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். இரண்டுக்கும் சோப்பு போட வேண்டியதாயிற்று. தோள்பட்டை வலி.

மாட்டுங்கா கடையிலிருந்து கி.மே. முறுக்கு கொண்டுவந்தார். எல்லாருக்கும் இரண்டு. எனக்கு மூன்று.

ஜூலை 11, வெள்ளி

காலை பதினொரு மணிக்கே இருட்டு. டியூப் லைட் வேறு கண் சிமிட்டுகிறது. 1, 7, 4, 9. எதிலும் கோடு தெரியவில்லை. கை பழகிவிட்டது போல.

பன்னிரண்டும் முடிந்தது. வேணு சார் ஒரு தடவை பார்த்தார். ம் என்றார். நல்ல ம்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று மெஷினில் முதல் துண்டு ஏறியது. எந்தத் துண்டு முதலில் என்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார் கி.மே. வரிசையாகப் போட்டால் நமக்கே தெரியாமல் ஓரவஞ்சனை வந்துவிடுமாம். முதல் சீட்டு 6.

இன்று மதியம் இரண்டேகால். இருபது லட்சம். மெஷின் தானாக நின்றது. துண்டு முழுசாக இருக்கிறது. லேசான சூடு.

அடுத்தது 2.

மெஷின் ஓடுகிற சத்தம் பிடித்திருக்கிறது. பெரிய வண்டு மாதிரி. வீட்டுக்குப் போன பிறகும் காதில் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

2-ம் தேறியது.

காலை பத்தரைக்கு 11. சாப்பாட்டு டப்பா திறக்கப் போனேன். டக்.

சின்னச் சத்தம்தான். சாக்பீஸ் உடைகிற மாதிரி. மெஷின் எண்ணிக் காட்டுகிற கவுண்டரில் ஒன்றரை லட்சம். இருபது வர வேண்டிய இடத்தில் ஒன்றரை.

கி.மே. கையுறை போட்டு இரண்டு பாதியையும் எடுத்து, உடைந்த முகம் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் காகிதத்தில் சுற்றினார். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். அடிப்பக்கத்திலேர்ந்து போயிருக்கு என்று மட்டும் சொன்னார், என்னிடம் இல்லை, மேஜையிடம்.

டப்பாவை மூடிவிட்டேன். தக்காளிச் சோறு.

ஜூலை 19, சனி

5 நேற்று சாயங்காலம் தேறியது. மூச்சு வந்தது. இன்று காலை 10. பன்னிரண்டு மணிக்கு டக். ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. மறுபடியும் அடிப்பக்கம்.

தகடு அனுப்பிய கம்பெனியின் இன்ஜினியர் பாட்டீல் சார் போனில் பேசினார். வேணு சாரின் அறைக்கதவு திறந்தே இருந்தது. ஒட்டில் குறை இல்லை, உங்கள் பாலிஷில்தான் கீறல் என்கிறார் போல. வேணு சார் எல்லாவற்றுக்கும் தேக்தா ஹூம், தேக்தா ஹூம், பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றே சொன்னார்.

பிறகு கி.மே.யிடம் சொன்னது கேட்டது. திங்களன்று 8 போடுங்கள், அடுத்து 12. அதுவும் உடைந்தால் பாலிஷ் தப்பு என்று ரிப்போர்ட் எழுதி, எல்லாவற்றையும் நாமே முதலிலிருந்து செய்து கொடுக்க வேண்டியதுதான். இனிமேல் பாலிஷை வெளியில் கொடுத்துவிடலாம்.

என் பெயரைச் சொல்லவில்லை. பாலிஷ் என்றால் நான்தான், வேறு யார்?

11 போனது. 10 போனது. கோடு இருந்தவற்றில் மீதி 12 மட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

குழாயில் தண்ணீர் ஏழு மணிக்கே நின்றது. துணி பாதி.

அப்பாவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்வது சுலபம், டி.வி.யைப் பார்த்துக்கொண்டே கேட்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். கோடு, சோப்பு, டக், எல்லாம் சொன்னேன். கடைசியில்தான் திரும்பினார்.

“சோப்பு விசயத்த மட்டும் மூச்சு விடாத. கைவேலக்காரிதான் தப்பு செஞ்சான்னு ஒன் தலையில போட்டுருவாவ. பேசாம இரி.”

பேசாமல் இருக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றாள் அம்மா. பொறந்ததுலேருந்து அதத்தான செய்யுதா.

சோப்பால் கோடு எப்படிப் போகிறது என்று அப்பாவுக்குக் காட்டினேன். பழைய அலுமினிய மூடி ஒன்றில் கத்தியால் ஆழமாக ஒரு வெட்டு. சோப்பு, துணி, அரைமணி. போய்விட்டது. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து, பாஸ் என்றார். சிரித்தோம்.

மூடியை அங்கேயே விட்டுவிட்டேன். எண்ணெய்ப் பாத்திரங்களுக்கு அம்மா கொதிக்கக் கொதிக்கச் சலவைச் சோடாத் தண்ணீர் வைத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டபோது மூடியும் உள்ளே. மதியம்தான் பார்த்தாள்.

“அலுமினியத்தப் போயி சோடாவுல போடுவியாட்டி? தின்னுரும்லா. எத்தன தடவ சொல்லுதேன்.”

எடுத்துக் கழுவினேன். மூடி சாம்பல் நிறமாகிவிட்டது. நடுவில் என் கத்தி வெட்டு. அப்படியே. இப்போதுதான் வெட்டிய மாதிரி.

அப்படியென்றால் கோடு போகவே இல்லை. அதே உலோகத்தை மேலே இழுத்துப் பூசி மூடியிருக்கிறேன். மூடியில் மட்டுமா? 11-லும், 10-லும், 12-லும்.

மாலை. இந்த நோட்டைப் புரட்டினேன். புதன்: 6, 11, 2, 5. வியாழன்: 10, 8, 3, 12. என் கைதான் தப்பு என்றால், 11-ல் கெட்ட கை 2-லும் 5-லும் எப்படி நல்ல கை? 8, 3 இரண்டும் சுத்தமாக வந்து உடனே 12-ல் எப்படிக் கெடும்?

நான் தேய்த்த வரிசையில் அவை தள்ளித் தள்ளி இருக்கின்றன. எண் வரிசையில் வைத்தால் 10, 11, 12. தகட்டில் அடுத்தடுத்த வீடு.

கோடு என்னுடையது இல்லையோ? தகட்டிலேயே வந்ததோ?

ஆனால் இதைச் சொன்னால் சோப்பையும் சொல்ல வேண்டும். மறைத்தது என்னுடையதுதான்.

ஜூலை 21, திங்கள்

பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன். “மேடம், ஒரு விஷயம் சொல்லணும், நான் ஒரு தப்பு செஞ்சுட்டேன்.” குர்லா சிக்னலில் பதினோராவது தடவை.

9.45: மெஷினில் 8.
10.30: கி.மே. போனில்.
11.30: டீ. பக்கத்தில் நின்றார். சர்க்கரை போடவா என்று கேட்டேன். அதையா கேட்க வந்தேன்?
1.00: தயிர்ச் சாதம் கொடுத்தார். ஏன் இப்படி மூஞ்சிய தூக்கி வச்சுண்டிருக்கே என்றார். தலைவலி என்றேன்.
3.00: வேணு சார் இருந்தார்.
5.00: வேணு சார் இல்லை. எனக்கு வாய் இல்லை.

நாளை மதியம் ஒன்றரைக்கு 8 முடியும். அடுத்தது 12. அதுவும் உடைந்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. உடைந்த துண்டில் எதைக் காட்டினாலும் கீறல் என்பார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நடந்தபடி எழுதுகிறேன், மறக்கக் கூடாது. ஒரு மணி பத்து. கவுண்டரில் பத்தொன்பது லட்சத்து எழுபதாயிரம் தாண்டியிருந்தது. கி.மே. பெட்டியிலிருந்து 12-ஐ எடுத்துத் துடைத்துத் தயாராக வைத்தார். மேடம் என்றேன். மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மறுபடி மேடம். கொஞ்சம் கத்திவிட்டேன் போல. திடுக்கிட்டுத் திரும்பினார்.

மனப்பாடம் செய்தது ஒரு வார்த்தை வரவில்லை. நோட்டை நீட்டினேன். புதன், வியாழன் பக்கம்.

வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“எனக்குப் பேசத்தாண்டி தெரியும், வாசிக்கத் தெரியாது. மராட்டி, இந்தி, இங்கிலீஷ் கொடு. இது எனக்கு ஜிலேபி. நீயே வாசி.”

யாருக்கும் எதையும் சத்தமாக வாசித்து நாலு வருடம் ஆகிறது. ஆரம்பித்தேன். வரிசை வாசித்தேன். கோடு வாசித்தேன். சோப்பு வாசித்தேன். அங்கே குரல் இறங்கிவிட்டது, அவர் கையால் மேலே போ என்றார். கண்ணாடியாட்டம் பண்ணிட்டியே என்பது வரை வாசித்து நின்றேன்.

ஏன் நிறுத்திவிட்டாய் என்றார். அடுத்தது வேறு விஷயம் என்றேன். வரிசைக்கு நடுவில் என்ன வேறு விஷயம், ஒரு எழுத்து விடாமல் வாசி என்றார்.

வாசித்தேன். கொக்கு வரை. மூக்குக் கண்ணாடி வரை.

கி.மே. மெதுவாகத் தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

“சரி. கொக்குக்கு மீன் கெடச்சுது. மேல வாசி.”

வாசித்தேன். 10, 11, 12 அடுத்தடுத்த வீடு என்பதையும் சொன்னேன். சோடாவில் வெட்டு திரும்பி வந்ததைச் சொல்லி, மூடியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வெட்டைப் பார்த்ததும் 12-ஐ மெஷின் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு நேரே சிங்க்குக்குப் போனார். கையுறை, கண் கவசம், காஸ்டிக் சோடா. நான் நாலடி தள்ளி. துண்டு புஸ்ஸென்று நுரைத்துக் கறுத்தது. இன்னொரு திரவத்தில் முக்கினார், வெளுத்தது. கழுவினார்.

கோடு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

சந்தேகத்துக்கு 9-ஐயும் போட்டார். அதில் பாதி வரை கோடு. அதை நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கு டியூப் லைட் சிமிட்டியது. அடுத்து 1, 7. இரண்டும் சுத்தம்.

முள் அடி வரைக்கும் போகல, மேல ஒட்டிருக்கு, அடியில ஒட்டவே இல்ல என்றார் கி.மே.

இதற்குள் 8 தேறிவிட்டது. நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

வேணு சார் நாலு மணிக்கு வந்தார். எல்லாம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, குரல் உயர்த்தாமல்: “இங்க வர்ற துண்டு அழகுப் போட்டிக்கு வரலை. ஒடையறதுக்கு வருது. அதுல இருக்கறத நீ மறைச்சா நாம எதுக்குக் கடை போட்டிருக்கோம்?”

சோப்பை எடுத்து அவர் முன்னாலேயே குப்பையில் போட்டேன். போகும்போது, அந்த நோட்டைத் தொலைச்சுடாதே என்றார்.

ஜூலை 24, வியாழன்

வெயில்! பத்து நாளைக்குப் பிறகு.

பாட்டீல் சார் நேரில் வந்தார். உயரம், சளி, கையில் கர்சீப். துண்டுகளைப் பார்த்தார். கோடு இருக்கிறது, சரி. ஆனால் சோப்பு போட்டு எதையோ தேய்த்த துண்டை வைத்து எங்கள் ஒட்டைக் குறை சொல்வது எப்படி என்றார். வேணு சார் என் வரிசையைச் சொன்னார், கி.மே. 1, 7-ஐக் காட்டினார். பாட்டீல் சார் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

எனக்கு ஒன்று தோன்றியது. துணி வெட்டும்போது ஓரத்தில் ஒரு துண்டு மிஞ்சும். தகட்டிலும் மிஞ்சும். பன்னிரண்டுக்கு அப்புறம் மிஞ்சியது அவர்களிடம்தான் இருக்கும். அதை நான் தொட்டதே இல்லை.

சொல்லவா வேண்டாமா என்று எண்ணுவதற்குள் வாய் சொல்லிவிட்டது.

“சாப், பாரா நம்பர் கே பாத் ஜோ டுக்டா பச்சா, வோ ஆப் கே பாஸ் ஹை கியா?”

மூன்று பேரும் திரும்பினார்கள். பன்னிரண்டுக்குப் பிறகு மிஞ்சிய துண்டு இருக்கிறதா என்றுதான் கேட்டேன், என்னமோ மெஷின் பேசிய மாதிரி பார்த்தார்கள். பாட்டீல் சார் தும்மினார். பழைய தகட்டுத் தொட்டியில் கிடக்கும், தேடச் சொல்கிறேன் என்றார்.

கி.மே. வாசலில் என் தோளை இடித்துவிட்டுப் போனார். ரொம்ப நல்ல இடி.

ஜூலை 25, வெள்ளி

போன் வந்தது. மிஞ்சிய துண்டை அவர்களே சோடாவில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கோடு இருக்கிறது.

ஒட்டிக்கொண்டே போகும்போது சூட்டில் தகட்டின் கடைசி முனை வளைந்து, பிடிமானம் தளர்ந்து, முள் அடியைத் தொடவில்லையாம். இனி முனையில் இன்னொரு கிளாம்ப். முள்ளும் கொஞ்சம் நீளம். புதுத் தகடு ஒட்டி அனுப்புகிறார்கள்.

பாலிஷ் தப்பு என்று ரிப்போர்ட் எழுதவில்லை. ஆனால் சோப்பு போட்டதை எழுதியிருக்கிறார் கி.மே., என்னைக் கூப்பிட்டு அந்த வரியைத் தமிழில் சொன்னார். எழுதத்தான் வேண்டும். காது சுட்டது.

அப்பாவிடம் சொன்னேன். அப்பம் அந்தப் பஸ் அடியில போறதுக்கு முன்னால தெரிஞ்சுட்டு என்றார். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

கடைசி நாள். காலையிலிருந்து வேணு சாரின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று. ஒன்று. மூன்று. ஒன்றுமில்லை.

புதுத் தகட்டிலிருந்து வெட்டிய பன்னிரண்டு துண்டும் வந்துவிட்டது. இந்தத் தடவை மிஞ்சிய ஓரத்தையும் கேட்டு வாங்கியிருக்கிறார் கி.மே. புது ரெஜிஸ்டர் ஒன்று போட்டார்: பாலிஷுக்கு முன் அடிப்பக்கம் பார்த்தது. பார்ப்பது நான், எழுதுவதும் நான். என்ன பாஷையில் என்று கேட்டேன். எனக்கு ரெண்டு வார்த்தை கத்துக்கொடு போதும் என்று சொல்லி, ஒரு பேப்பரில் உண்டு, இல்லை என்று என்னைப் பார்த்து எழுதிக்கொண்டார். அவருடைய ணகரம் நத்தை மாதிரி. சொன்னேன். சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஐந்தரை. பையை எடுத்துவிட்டேன். வேணு சார் வெளியே வந்தார், கையில் டைலர் கடைச் சீட்டு.

“கோட்டுல தைக்கணும். உன் பேர் இங்கிலீஷ்ல எப்படி?”

எஸ், இ, எல், வி, ஐ என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தூறல். பன்னிரண்டுக்கும் அடிப்பக்கம் பார்த்து முடித்தேன், வெளிச்சத்தில், சாய்த்துச் சாய்த்து. இல்லை, இல்லை, இல்லை. பன்னிரண்டு இல்லை. ஓரத் துண்டு சோடாவுக்குப் போனது. அதிலும் இல்லை.

இந்தத் தடவை சீட்டு வேண்டாம், கடைசி வீட்டையே முதலில் பார்த்துவிடலாம் என்று நேற்றே சொல்லியிருந்தார் கி.மே. அதனால் 12-ஐ மட்டும் நேற்றே அடிப்பக்கம் பார்த்துத் தேய்த்து வைத்திருந்தேன், வெறும் பேப்பரால். பளபளப்பு கம்மி. பரவாயில்லை.

காலை 11.00: மெஷினில் 12.
1.05: ஒன்றரை லட்சம். பழைய 11 போன இடம். சாப்பிடவில்லை.
1.30: பழைய 10 போன இடம் தாண்டியது. சாப்பிட்டேன்.
5.30: நாலரை லட்சத்துக்கு மேல்.

ஆகஸ்ட் 2, சனி

கதவைத் திறக்கும் முன்னாலேயே வண்டுச் சத்தம் கேட்டது. படியிலேயே ஒரு நிமிடம் நின்றேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலை முடியும். வேணு சார் போய்விட்டார். இருபது லட்சம் வர இரண்டே முக்கால் ஆகும். நான் போகவில்லை. கி.மே.யும் போகவில்லை, மாட்டுங்காவில் வீட்டில் யாரோ வருகிறார்கள் என்று போன் மேல் போன். ட்ராஃபிக் என்று சொல்லிவிட்டார்.

இந்த நோட்டை முதல் தடவையாக லேப்பிலேயே எழுதுகிறேன். மேஜை மேல் வைத்து. மறைக்காமல்.

2.20: பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரம். மழை நின்றிருக்கிறது. பொட்டுக்கடலை தின்கிறோம்.
2.35: எண்பத்தைந்தாயிரம். கி.மே. கழுத்தை நீட்டிவிட்டார். என் கழுத்தும்.
2.44: தொண்ணூற்றாறு.
2.47: நின்றது. தானாக. துண்டு முழுசு. லேசான சூடு, கையுறை வழியாகவே தெரிகிறது.

கி.மே. ரெஜிஸ்டரில் தேதி போடுகிறார். தேறியது என்பதற்குத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டார், எழுதிக் காட்டினேன். இப்போது என் நோட்டைப் பார்க்கிறார். இவ்வளவு நேரம் என்னத்த எழுதிண்டிருந்தே, கொக்கு உண்டா, வாசி என்கிறார்.

வாசிக்கிறேன்.